சென்னையில் ராட்சதக் கூம்புப்பூ: இலை கருகினால், நீலம் போனால், பூவே வராவிட்டால்

ருட்பெக்கியா மேக்ஸிமா என்று விதை உறைகளில் அச்சிட்டிருக்கும் செடியைப் பற்றியது இது. சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. டெக்சஸ், லூசியானா, ஆர்கன்சா, ஓக்லஹோமா பக்கம் ஈரமான புல்வெளிகளிலும் சாலையோரப் பள்ளங்களிலும் தானாக வளர்கிறது. தரையை ஒட்டிக் கொத்தாகப் பெரிய இலைகள், அவற்றின் மேல் சாம்பல் கலந்த நீல மெழுகுப் பூச்சு. கோடை தொடங்கும்போது கொத்தின் நடுவிலிருந்து ஐந்தாறு அடி, சில இடங்களில் ஏழடிக்குத் தண்டு கிளம்பும். உச்சியில் கரும்பழுப்புக் கூம்பு, அதன் அடியில் தொங்கும் மஞ்சள் இதழ்கள்.

படத்தைப் பார்த்து வாங்குபவர்கள் எல்லோரும் அந்தத் தண்டுக்காகத்தான் வாங்குகிறார்கள். என் கருத்து வேறு. சென்னையில் இதை இலைக்காக வளர்க்க வேண்டும். பூ வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் கீழே வரும் குறைகளில் பாதி குறையாகவே தெரியாது. மீதிப் பாதிக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரிலோ, தண்டும் வேரும் சேரும் இடத்திலோ இருக்கும். ஆகவே மருந்து பாட்டிலைத் தேடும் முன் அந்த இரண்டையும் பாருங்கள். இந்தச் செடிக்கு மருந்து அடிப்பதே ஒரு தனிப் பிரச்சினை, அதற்குப் பிறகு வருகிறேன்.

விதை முளைக்கவில்லை

விதை கெட்டுப்போனது என்று உடனே தூக்கிப் போடாதீர்கள். இந்த விதை ஈரமான குளிரைக் கடந்து வந்தால்தான் ஒழுங்காக விழிக்கும். அதன் ஊரில் குளிர்காலம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நம் ஊரில் ஜனவரி இரவுகூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை, அதனால் ஃபிரிட்ஜ்தான் குளிர்காலம்.

கழுவிப் பிழிந்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு கைப்பிடி எடுத்து, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரத்தில் விதையைக் கலந்து, சிறிய ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் நாலிலிருந்து ஆறு வாரம் வையுங்கள். ஃபிரீசரில் வேண்டாம். தட்டில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால் அதை வேறு தட்டுக்கு மாற்றுங்கள்; பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் விதையைப் பாதிக்கலாம். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது, இல்லையென்றால் கவர் குப்பைக்குப் போய்விடும்.

அடுத்தது பருவம். ஆகஸ்டில் விதைத்தால் 35 டிகிரி வெயிலில் குளிரூட்டிய பலன் வீணாகும். அக்டோபரில் ஃபிரிட்ஜில் வைத்து, நவம்பர் கடைசியில் மழை படாத வெளிச்சமான இடத்தில் விதைப்பதுதான் சென்னைக்குச் சரியான கணக்கு. விதை மேல் மண்ணை மெல்லியதாகத் தூவினால் போதும், ஆழப் புதைக்காதீர்கள். இப்படி விதைத்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நமக்குக் கிடைக்கும் கொஞ்ச நஞ்சக் குளிர் நாற்றுக்குக் கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் விதையைப் போட்டுக் கொண்டுவரச் சொல்வது நம்மிடையே சகஜம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதியாகும் விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். உள்நாட்டு விற்பனையாளர் கிடைத்தால் அவரிடமே வாங்கிவிடுங்கள்.

முளைத்த நாற்று அடியில் இளைத்துச் சாய்கிறது

நாற்றழுகல். ஈரம் அதிகம், காற்று குறைவு. சாய்ந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, தட்டில் தண்ணீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். அடுத்த முறை விதைக்கும் மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்துகொள்ளுங்கள், எல்லா உரக்கடையிலும் கிடைக்கும்.

இலை ஓரம் பழுப்பாகிக் காய்கிறது

சென்னையில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இதுதான். எல்லோரும் வெயில் என்று நினைத்து நிழலுக்கு நகர்த்துவார்கள். முதலில் எங்கே கருகியிருக்கிறது என்று பாருங்கள். இலையின் நடுவில், வெயில் நேராக விழும் பக்கம் மட்டும் வெளிறிய திட்டுகள் இருந்தால் அது வெயில். வயதான, வெளி வரிசை இலைகளில் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பு ஏறினால் அது உப்பு. தொட்டியின் வெளிப்புறத்திலோ மண்ணின் மேலோ வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உப்பு எங்கிருந்து வருகிறது? பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை என்று கடலோரமாகப் போகப்போக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும் வாய்ப்பு அதிகம். உள்ளே தள்ளியிருந்தாலும் கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது கடினத்தன்மை ஏறும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றைப் பேனா அளவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாசனத் தண்ணீருக்கு உலக உணவு வேளாண்மை நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோலில், லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை உப்பு இருந்தால் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. இடையில் இருந்தால் கவனம் தேவை.

மீட்டர் சொல்லாத ஒன்றும் உண்டு. ஓஎம்ஆர் பக்கத்து அடுக்ககங்கள் பலவற்றில் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் இருக்கிறது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. குளிக்க நல்ல தண்ணீர், சோப்பு நுரைக்கும். செடிக்கு முன்பைவிட மோசம், ஆனால் டிடிஎஸ் எண் அநேகமாக அப்படியே இருக்கும். உங்கள் குடியிருப்பில் அந்த இயந்திரம் இருந்தால், அதற்கு முன்னால் தண்ணீர் எடுக்க ஏதாவது குழாய் உண்டா என்று பராமரிப்பவரிடம் கேளுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் நிறைய. வந்த தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசி சொட்டும் தண்ணீர் நேர் எதிர், அதில் உப்பே கிட்டத்தட்ட இருக்காது. அதை வாளியில் பிடித்து இந்தச் செடிக்குக் கொடுக்கலாம். மழைநீர் கிடைத்தால் எல்லாவற்றையும்விட உசத்தி.

ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டி என்றால், தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். உரம் போடுவதை ஒரு மாதம் நிறுத்துங்கள். கருகிய ஓரம் பச்சையாக மாறாது. புதிதாக வரும் இலை சுத்தமாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கழுவாத கோகோபீட்டும் இதே வேலையைச் செய்யும், அதனால் கட்டியை ஊறவைத்த முதல் இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச் சத்து செடிக்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. கடினத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண் காரத்தன்மை ஏறியதால் வேரால் எடுக்க முடியவில்லை. நம் ஆட்கள் உடனே அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து ஊற்றுவார்கள். கார மண்ணில் அது சீக்கிரமே கரையாத வடிவத்துக்கு மாறிவிடும், பலன் நிற்காது. கடையில் இரும்பு கீலேட் (வேர் எடுக்கும் வடிவில் கட்டி வைத்த இரும்பு) கேட்கும்போது ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்று உறையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் அவ்வளவு தாங்காது. உறையில் சொன்ன அளவில் மண்ணில் ஊற்றுங்கள், இலையில் அடிக்க வேண்டாம். தண்ணீரை மாற்றாமல் கீலேட் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் அது கடைக்காரருக்குத்தான் லாபம்.

நடுப்பகலில் துவள்கிறது

மாலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இவ்வளவு பெரிய இலை மே மாதத்து ஒரு மணி வெயிலில் விடும் நீரை எந்த வேராலும் ஈடுகட்ட முடியாது. துவண்டதைப் பார்த்துப் பதறிப்போய் மத்தியானம் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம்தான் அடுத்து வரும் நோய்க்கு வழி விடுகிறது. கத்திரி வெயில் முடியும் வரை, அதாவது மே கடைசி வரை, பிற்பகலில் மட்டும் நிழல் வலை கட்டலாம். காலை வெயில் கட்டாயம் வேண்டும். மாலையிலும் நிமிராமல், விரலை விட்டுப் பார்த்தால் மண்ணும் காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. மொட்டைமாடியில் 15 அங்குலத்துக்குச் சிறிய பையில் இதை வைத்தால் கோடையில் அந்த நிலைமைதான்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் துவள்கிறது

இதற்கு மட்டும் அவசரம் காட்டுங்கள். வடகிழக்குப் பருவமழையில், முக்கியமாக இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டிவிட்டுச் சட்டென்று வெயில் அடிக்கும்போது வரும்.

'ஈரமான பள்ளத்தில் வளரும் செடி என்றுதானே சொன்னீர்கள், இங்கே ஏன் அழுகுகிறது?' நியாயமான கேள்வி. அதன் ஊரில் தண்ணீர் தேங்குவது குளிர்காலத்திலும் வசந்தத்திலும். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரைந்திருக்கும், வேரும் மெதுவாக மூச்சுவிடும். நம் ஊர் தேக்கம் 28 டிகிரித் தேக்கம். வேருக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் காற்று இல்லாமல் போகிறது, பூஞ்சைக்கோ அதுதான் பிடித்த சூடு.

மண்ணை விலக்கிச் செடியின் அடியைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் பொதபொதவென்று இருந்து கெட்ட வாடை வந்தால் வேரழுகல். செடியை முழுதாகத் தோண்டி எடுத்து, கழுவி, பழுப்பான மெத்தென்ற பகுதிகளைச் சுத்தமான கத்தியால் வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டுங்கள். பெரிய இலைகளில் பாதியைக் கழியுங்கள், இருக்கிற வேருக்கு அவ்வளவு பாரம் தாங்காது. நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, புது மண்ணில் வையுங்கள்: செம்மண் இரண்டு பங்கு, கரடுமுரடான மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடுவதாக இருந்தால் கழுவிப் போடுங்கள். அதில் இருக்கும் மாவுத் தூள் மண்ணைச் சிமெண்ட் பூசியதுபோல் இறுக்கிவிடும்.

அடித்தண்டில் விசிறியாக வெள்ளை நூல் படர்ந்து, இடையிடையே கடுகளவு உருண்டைகள், முதலில் வெள்ளையாகவும் பிறகு பழுப்பாகவும் இருந்தால் கதை வேறு. அது ஸ்கிளெரோஷியம் பூஞ்சை, நிலக்கடலை விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த எதிரி. அந்த உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்தச் செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. செடியையும் மண்ணையும் கவரில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், வீட்டு உரத்தொட்டியில் போடவே கூடாது. செடி வளர்ந்தது துணிப்பையில் என்றால் அதையும் சேர்த்து.

வராமல் தடுக்க, செப்டம்பர் கடைசியிலேயே வேலையை முடிக்க வேண்டும். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றுங்கள், அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள், மூடாக்குப் போட்டிருந்தால் அடித்தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். தரையில் நட்டவர்கள் ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி நடுவது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது; அதுபோன்ற தாழ்வான இடங்களில் தரையில் நடுவதை விட்டுவிட்டுத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

நீலம் போய் வெறும் பச்சையாகிவிட்டது

அந்த நீலம் இலைக்குள் இருக்கும் நிறமல்ல, மேலே படிந்த மெழுகு. விரலால் தேய்த்தால் போய்விடும், அந்த இடத்தில் திரும்ப வராது. இங்கேதான் மருந்துப் பிரச்சினை. நாம் எதற்கெடுத்தாலும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே சோப்புக் கரைசல் என்று கை பழகியவர்கள். எண்ணெயும் சோப்பும் மெழுகைக் கரைத்து எடுத்துவிடும். பூச்சி போகும், கூடவே எதற்காகச் செடியை வாங்கினோமோ அந்த அழகும் போகும். பூச்சி இருந்தால் அதன் மேல் மட்டும் பஞ்சால் தொட்டு வையுங்கள், அல்லது அந்த ஒரு இலையை வெட்டிவிடுங்கள்.

மருந்தே அடிக்கவில்லை, ஆனாலும் புது இலை பச்சையாகவே வருகிறது என்றால் வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து அதிகம். ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மீன் அமிலம், பஞ்சகவ்யம் என்று வாராவாரம் ஊற்றிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இது பசி குறைந்த செடி. வருடத்துக்கு இரண்டு தடவை மண்புழு உரம் போதும்.

இலையில் வெள்ளை

சீரான, மெல்லிய, இலை முழுவதும் பரவிய வெண்மை மெழுகுதான், அதைத் துடைக்காதீர்கள். வட்ட வட்டமாகத் தொடங்கி ஒட்டிய மாவுபோல் இருந்தால் சாம்பல் நோய். காற்றோட்டம் கொடுத்து, அந்த இலைகளைக் கழியுங்கள். காம்பு இடுக்கில் பஞ்சாக இருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசை தெரிந்தால் கிட்டத்தட்ட உறுதி. பிரஷ்ஷால் தள்ளி, எறும்பு ஏறாமல் தொட்டியைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் செங்கல் வைத்து நிறுத்துங்கள்.

இலையில் ஓட்டை

மழைக்காலத்தில் பெரிய ஓட்டை, பக்கத்தில் பளபளக்கும் தடம் என்றால் நத்தை. ஆப்பிரிக்க ராட்சத நத்தை சென்னையிலும் இருக்கிறது. ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குவதற்கு இணையான வழி கிடையாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தடம் இல்லாமல், அடியில் கருப்பு எச்சம் மட்டும் இருந்தால் புழு. இலையைத் திருப்பிப் பார்த்து எடுத்துப் போடுங்கள்.

இரண்டு மூன்று வருடமாக இலைதான், தண்டே வரவில்லை

முதலில் வயது. விதையிலிருந்து வந்த செடி அதன் சொந்த ஊரிலேயே பூப்பதற்கு இரண்டு மூன்று வருடம் எடுக்கும். அதையும் தாண்டிவிட்டது என்றால் இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பகலின் நீளம். இந்தப் பேரினத்தில் நன்றாக ஆராயப்பட்ட ருட்பெக்கியா ஹிர்ட்டா, ஃபுல்ஜிடா இரண்டும் நீண்ட பகல் கிடைத்தால்தான் தண்டு விடுபவை. ஹூஸ்டன் நகரில் ஜூன் மாதப் பகல் 14 மணி நேரம். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வருடத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. டிசம்பரில் 11 மணி 20 நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எவ்வளவு உரம் போட்டாலும் இது மாறாது. இலைகள் கொழுகொழுவென்று இருந்தும் பூக்காத செடிக்குப் பொட்டாஷ் போடச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. இரண்டாவது காரணம், செடி குளிரே படாமல் வருடம் முழுவதும் வளர்ந்துகொண்டிருப்பது.

பகலை நீட்ட முடியும். சாமந்தி விவசாயிகள் பூப்பதைத் தள்ளிப்போட இரவில் விளக்குப் போடுகிறார்கள். சாமந்தி, பகல் குறுகும்போது பூக்கும் குறும்பகல் செடி. இங்கே அதே விளக்கு எதிர் வேலை செய்யும். இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை, செடிக்கு மூன்றடி மேலே, மஞ்சள் ஒளி தரும் சாதாரண எல்இடி பல்பு ஒன்று, டைமரோடு. நீண்ட இரவை நடுவில் உடைத்தால் செடி அதை நீண்ட பகலாக எடுத்துக்கொள்ளும். பிப்ரவரியில் தொடங்கி எட்டு வாரமாவது விடாமல் போட வேண்டும், அன்றாடம் ஒரே நேரத்தில். மொட்டைமாடியில் நடுராத்திரி விளக்கு ஏன் எரிகிறது என்று எதிர்வீட்டில் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு என்ன செய்வது? துணிந்தவர்கள் டிசம்பரில் கிழங்கை (மண்ணுக்குள் இருக்கும் தடித்த அடித்தண்டை) தோண்டி, இலையை ஒட்ட நறுக்கி, ஈரக் கோகோபீட்டில் சுற்றி ஆறு வாரம் ஃபிரிட்ஜில் வைக்கலாம். குளிர் நாடுகளின் நாற்றங்கால்களில் பல்லாண்டுச் செடிகளை இப்படி மண்ணில்லாமல் குளிர் அறையில் வைப்பது வழக்கம்தான். ஆனால் சென்னைச் சூட்டில் வளர்ந்த செடிக்கு இது ஆபத்தான சோதனை. ஒரே ஒரு செடி வைத்திருப்பவர் செய்யக் கூடாது. பிரித்து வைத்த பக்கக் கன்று இருந்தால் அதில் செய்து பாருங்கள்.

ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி பற்றிக் கேட்பவர்களும் உண்டு, கம்பம் பக்கத்தில் திராட்சைக்கு அடிக்கிறார்களே அதேதான். ருட்பெக்கியா ஹிர்ட்டாவில் அது குறும்பகலிலும் தண்டை நீட்டச் செய்வது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம். வீட்டில் வேண்டாம். அளவு தப்பினால் தண்டு வெளிறி, நெடுநெடுவென்று வளர்ந்து ஒடிந்துவிடும்.

மஞ்சள் பூ கட்டாயம் வேண்டும் என்றால் இந்தச் செடியை வதைக்காமல் பக்கத்தில் மெக்சிகன் சூரியகாந்தியை விதையுங்கள். ஆறடி வளரும், சென்னை வெயிலுக்கு அஞ்சாது, ஆரஞ்சுப் பூவில் பட்டாம்பூச்சி மொய்க்கும். பூ சரியான மஞ்சளாக வேண்டுமென்றால் அதிலேயே மஞ்சள் வகை கிடைக்கிறது.

தண்டு வந்தது, சாய்ந்துவிட்டது

நிழலிலோ, அதிக உரத்திலோ வளர்ந்த தண்டு. மூங்கில் குச்சி ஊன்றித் துணி நாடாவால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். குச்சியைச் செடியின் நடுவில் குத்தாமல் ஒரு சாண் தள்ளி ஊன்ற வேண்டும், கிழங்கில் ஓட்டை விழுந்தால் அங்கிருந்து அழுகல் தொடங்கும். மொட்டைமாடியில் என்றால் கடற்காற்று வரும் பக்கம் கைப்பிடிச் சுவரின் மறைவில் தொட்டியை நகர்த்திவிடுங்கள்.

இதழ் உதிர்ந்து கருப்புக் கூம்பு மட்டும் நிற்கிறது

நோயில்லை, அது அப்படித்தான். வெட்ட வேண்டாம், வாரக்கணக்கில் நிற்கும். அதன் ஊரில் தங்கச்சிட்டுகள் விதையைக் கொத்த வரும். இங்கே சில்லைகள் வந்தால் விட்டுவிடுங்கள். விதை உங்களுக்கு வேண்டுமென்றால் கூம்பு நன்றாகக் காய்ந்ததும் பழைய மெல்லிய துணிப்பையை அதன் மேல் கட்டி, ஒரு வாரம் கழித்துத் தலைகீழாகத் தட்டுங்கள். தனிச் செடியில் பதர் நிறைய இருக்கலாம். நகத்தால் அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருப்பவற்றை மட்டும் அக்டோபருக்கு எடுத்து வையுங்கள்.